தகரத்துக்குப் பூச்சு

வீட்டில் யாரும் இல்லாத நாளாகப் பார்த்துக் கொத்தனார் மொட்டைமாடியில் கலவை போட்டார். ரகசியமாகச் செய்கிற வேலைக்கு இவ்வளவு சத்தம் ஆகாது. மண்வெட்டி சிமெண்டையும் மணலையும் புரட்டுகிற கரகரப்பு தெருமுனை வரைக்கும் போயிற்று. எதிர்வீட்டு டெய்லரம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டு, வாயில் கவ்விய குண்டூசிகளோடு ஜன்னலுக்கு வந்தாள். அந்த ஜன்னலுக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் ஒரு பூனைகூடக் குட்டி போட்டதில்லை.

"என்ன கொத்தனாரே, லீவு நாள்லயும் வேலையா? எதைக் கட்டப்போறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. சின்னதா ஒரு பூச்சு வேலை."

"மேல இருக்கறது தகர ரூம்தானே? அதுக்கு என்னத்தைப் பூசுவீங்க, பவுடரா?"

அவர் காதில் விழாத மாதிரி வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். தெருவில் அவருக்குத் 'தூக்குக்குண்டு' என்று பெயர். சுவர் நேராக நிற்கிறதா என்று நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கிற அந்தக் குண்டைத்தான் சொல்கிறார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கதவுநிலை சாய்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் அவரால் உட்கார முடியாது. ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், கணவனைப் பறிகொடுத்தவளிடமே "நிலை மூணு நூல் வெளிய தள்ளியிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு வந்தவர். அப்பேர்ப்பட்டவர் தலைக்கு மேலேயே நெளிநெளியாக ஒரு தகர அறை வந்து உட்கார்ந்துகொண்டால் தெரு சும்மா இருக்குமா? பிஸ்கட் டின் என்றார்கள். லாரி டிரைவர் கேபின் என்றார்கள். ஊருக்கெல்லாம் செங்கல், தங்கச்சிக்குத் தகரமா என்று ஒருத்தி கேட்டாள். மற்றதையெல்லாம் அவர் துடைத்துப்போட்டுவிட்டார். இது மட்டும் முள்ளாகத் தங்கிவிட்டது.

தங்கைக்காகத்தான் அந்த அறை. அவளுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது, ஆனாலும் அவருக்கு இன்னும் பாப்பாதான். வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவள் சொன்னவள்தான். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போவாள். கொத்தனாரின் மனைவி ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து அப்படியே சரிந்து, வலது கை, கால், வாய் மூன்றும் ஒன்றாக நின்றுபோனபோது, பாப்பா ஒரே ஒரு நீலநிறப் பையோடு வந்து இறங்கினாள். லீவில் வந்தவள் பிறகு வேலையையே விட்டுவிட்டாள். அண்ணியைப் புரட்டிப் படுக்கவைத்தாள், குளிப்பாட்டினாள். பேச்சு வருவதற்காக, சின்னக் குழந்தைக்குச் சொல்லித்தருவது மாதிரி ஆடு, மாடு, வீடு என்று மணிக்கணக்காகச் சொல்ல வைத்தாள். அண்ணி முதலில் முழுசாகச் சொன்ன வார்த்தை ஆடும் இல்லை, மாடும் இல்லை. "போடி" என்பதுதான். அன்றைக்கு நாத்தனாரும் அண்ணியும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுததை டெய்லரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்து, சண்டை என்று நினைத்து நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டாள்.

இப்போது அண்ணி கோல் ஊன்றி நடக்கிறாள். வாய் மட்டும் ஒரு பக்கமாகத்தான் சிரிக்கும். ஆனால் பாப்பா, வந்த நாளிலிருந்து கூடத்தில், பிரிட்ஜுக்கும் பீரோவுக்கும் நடுவில் மடக்குக் கட்டிலில்தான் படுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய துணிமணி அந்த நீலப்பையிலேயே இருந்தது. வேண்டியதை எடுப்பாள், துவைத்து மடித்து மறுபடி அதிலேயே வைத்து ஜிப்பை இழுத்து மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவாள். ஜிப் இழுபடுகிற அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், கிளம்புகிறாளோ என்று கொத்தனார் எட்டிப் பார்ப்பார்.

நன்றி என்ற சொல்லை அவர் வாய் அறியாது. அதை அவர் செங்கல்லாக அடுக்கத்தான் நினைத்தார். மாடியில் ஒரு அறை, காற்றோட்டமாக இரண்டு ஜன்னல், உள்ளே கண்ணாடி மாதிரிப் பூச்சு. ஆனால் கீழே இருப்பது ஒற்றைச் செங்கல் கனத்துச் சுவர். மேலே செங்கல் ஏற்றினால் தாங்காது என்று வேறு யாரும் வந்து அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. "இடிச்சுட்டுப் புதுசாவே எழுப்பிடறேன்" என்று கிளம்பினார்.

"அதுவரைக்கும் அண்ணியை எங்க வெச்சிருப்பீங்க? மணல் குவியல் மேலயா?" என்றாள் பாப்பா. "தகர ஷீட்டு போதும்ணே. இரும்புக் குழாய்ல சட்டம் அடிச்சு, மேலயும் சுத்தியும் ஷீட்டு. உள்ள தெர்மாகோல் வெச்சுப் பலகை அடிச்சா சூடும் இறங்காது. நான் கேட்டுட்டேன். பிடிக்கலைன்னா ஸ்குரூவைக் கழட்டித் தூக்கிட்டுப் போயிடலாம், அவ்வளவுதானே?"

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அண்ணியும் ஒரு பக்கமாகச் சிரித்தாள். கொத்தனாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தூக்கிட்டுப் போயிடலாம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அண்ணிதான் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டாளே, இனி இங்கே என்ன வேலை என்று நினைக்கிறாளோ? கழட்டுவதற்கென்றே கட்டுகிற சுவர் ஒரு சுவரா? பழகிய வெல்டர் வந்து நாலே நாளில் சட்டத்தை நிறுத்தி, பச்சைநிறத் தகட்டை ஒன்றன்மேல் ஒன்று ஒரு நெளிவு ஏறும்படி வைத்து, ரப்பர் வாஷர் போட்ட ஸ்குரூக்களை விர் விர்ரென்று இறக்கிவிட்டுப் போனபோது, கொத்தனார் கீழேயே நின்றார். தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு ஏறக்கூட இல்லை.

அதனால்தான், அண்ணியைப் பரிசோதனைக்குக் காட்ட இரண்டு பெண்களும் வெளியூர் போன அன்று, அவர் கலவை போட்டார். தெருவைப் பார்த்த சுவருக்கு மட்டும். ஸ்குரூக்களில் கம்பியைச் சுற்றிக் கோழிவலையை இழுத்துக் கட்டினார். அதன்மேல் கலவையை வீசி வீசி அப்பினார். நெளிவுகளின் பள்ளமெல்லாம் நிரம்பியது. மட்டப்பலகையை இழுத்து, கட்டையால் தேய்த்து, ஈரம் காயுமுன் செங்கல் செங்கல்லாகக் கோடு கிழித்து, காவி அடித்தார். அவர் வாழ்நாளில் அப்படி ஒரு சுவர் பூசியதில்லை. ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஒரு நூல் பிசகவில்லை. தகரம் இருந்த சுவடே இல்லை. இனி யார் ஸ்குரூவைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள் பார்ப்போம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் வண்டியிலிருந்து இறங்கிய பாப்பா, அண்ணாந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அண்ணிதான் முதலில் பேசினாள். "ஏங்க... தகரத்துக்குச் சட்டை தெச்சுப் போட்டீங்களா?"

"பார்க்கறதுக்கு நல்லா இருக்கட்டுமேன்னு" என்றார் கொத்தனார், தரையைப் பார்த்துக்கொண்டு. பாப்பா அண்ணியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அன்றைக்குப் படுக்கப் போகும்போது ஜிப் சத்தம் வழக்கத்தைவிட நீளமாகக் கேட்ட மாதிரி அவருக்கு இருந்தது.

அடுத்த நாள் உச்சிவெயிலில் அது நடந்தது. முதலில் மேலிருந்து டக் டக்கென்று யாரோ விரல் மடக்கித் தட்டுவது போல ஒரு சத்தம். பிறகு வெடிபோட்ட மாதிரி ஒன்று. தெரு மொத்தமும் வெளியே வந்தபோது, கொத்தனாரின் செங்கல் சுவர் வலையோடு உரிந்து, போர்வை சரிவது போல மாடி விளிம்பைத் தாண்டிச் சன்ஷேடில் விழுந்து, அங்கிருந்து உடைந்து அவருடைய சைக்கிள்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல வேளையாக ஆள் யாரும் அடியில் இல்லை. சைக்கிள்தான் எட்டாக வளைந்தது. புழுதி அடங்கியதும் உள்ளேயிருந்து பச்சைத் தகரம் ஒன்றுமே நடக்காத மாதிரிப் பளபளத்தது.

"பவுடர் நிக்கலையே கொத்தனாரே" என்றாள் டெய்லரம்மா. ஆனால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முதலில் ஓடிவந்ததும் அவள்தான். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வெல்டரைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து, சிரிப்பை அடக்க முடியாமல் பீடியைக் கடித்துக்கொண்டு நின்றான். "அண்ணே, தகரம் வெயிலுக்கு நீளும், குளிருக்குச் சுருங்கும். அது மூச்சு விடற சாமான்ணே. நீங்க மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திட்டீங்க. அது தும்மிடுச்சு."

கூட்டம் கலைந்தபிறகு கொத்தனார் மாடிக்குப் போய், உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் அவர் பூசிய சுவர் விழுந்தது இதுதான் முதல் தடவை. பாப்பா படியேறி வந்தாள்.

"எதுக்குண்ணே இந்த வேலை? தெருவுல சொல்றாங்கன்னா?"

"தெரு கிடக்குது." அவர் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "கழட்டி எடுத்துட்டுப் போயிடலாம்னு சொன்னியே பாப்பா."

அவள் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மெதுவாகப் புரிந்தது. "அய்யோ, அதுக்காகவா? நான் ரூமைக் கழட்டறதைச் சொன்னேன். நான் போறதைச் சொல்லலை. அந்தப் பாரத்தையும் உங்க தலையில ஏத்தக் கூடாதேன்னுதான்..." என்று நிறுத்தினாள். பிறகு தகரத்தில் கையை வைத்தாள். வெயில் இறங்கிவிட்டாலும் அது இன்னும் சூடாகத்தான் இருந்தது. "ஹாஸ்டல்ல அத்தனை வருஷம் இருந்தேனேண்ணே, சுவத்துல ஒரு ஆணி அடிக்க விடமாட்டாங்க. காலண்டரைக்கூடக் கட்டில் கம்பியிலதான் கட்டித் தொங்கவிடுவேன். இங்க எங்க வேணா ஓட்டை போடலாம்னு வெல்டர் சொன்னான். அந்த ஆசைதான்."

கொத்தனார் வாயைத் திறந்தார். நெஞ்சில் இருந்தது ஒன்று, வாயில் வந்தது ஒன்று. "எங்க வேணா போடக்கூடாது. கூரையில போட்டா நெளிவோட மேட்டுலதான் போடணும். பள்ளத்துல போட்டா ஒழுகும்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வெல்டர்கிட்ட கேட்டேன்."

அவள் சிரித்துவிட்டாள். கதவுக்குப் பக்கத்தில் ஓர் உள்ளங்கை அளவுக்குப் பூச்சு, காவிக் கோட்டோடு, விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் கரணையை அதன் அடியில் கொடுத்தபோது தடுத்தாள். "அது கிடக்கட்டும்ணே. அவ்வளவு வெயிலுக்கும் அசையலை, அதைப் போய் ஏன் தள்றீங்க?"

அந்த வாரமே அவள் மாடிக்குக் குடிபோனாள். பலகைச் சுவர் முழுக்கக் கொக்கிகள். கண்ணாடி, காலண்டர், கடிகாரம், கைப்பை, குடை. கொத்தனார் ரசமட்டத்தை வைத்து ஒவ்வொன்றையும் நேர்ப்படுத்திக் கொடுத்தார். குடையையும்தான்.

முதல் மழை ஒரு பிற்பகலில் வந்தது. கீழே இருந்த அண்ணி, "நானும் மேல வரணும்" என்று பிடிவாதம் பிடித்தாள். முன்னால் கொத்தனார், பின்னால் பாப்பா, நடுவில் கோல். நோயில் விழுந்ததிலிருந்து அவள் ஏறாத படி அது. ஒவ்வொரு படியிலும் நின்று, "போடா" என்று அந்தப் படியைத் திட்டிக்கொண்டே ஏறினாள். கட்டிலில் உட்கார்ந்ததும் மழை வலுத்தது. நெளிவு ஒவ்வொன்றிலிருந்தும் தண்ணீர் தனித்தனி நூலாக, தறியில் பாவு விட்டது போல வாசலுக்கு நேரே இறங்கியது. தகரத்தில் விழுந்த சத்தத்தில், ஒட்டி உட்கார்ந்தவர் பேசினால்தான் காதில் விழுந்தது. கொத்தனார் நாற்காலிமேல் ஏறி, பலகை இணைப்புகளை எல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. உள்ளுக்குள் அவருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இறங்கி, மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாப்பா வாசலருகே நின்று கையை நீட்டி ஒவ்வொரு நீர்நூலாக அறுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அந்த இரைச்சல் இருந்ததாலோ என்னவோ, அவருக்குத் தைரியம் வந்தது. அவள் முதுகைப் பார்த்து, சாதாரணக் குரலில் சொன்னார்:

"நீ வரலேன்னா இவ எனக்கு இல்ல பாப்பா."

எதிர் ஜன்னலில் டெய்லரம்மா நின்றிருந்தாள். அவர் வாய் அசைவதை அவள் பார்த்தாள். என்ன சொன்னார் என்று பிறகு எத்தனையோ விதமாகத் தூண்டில் போட்டுப் பார்த்தும் அந்த ஒன்று மட்டும் அவளுக்குச் சிக்கவே இல்லை.

பாப்பா திரும்பினாள். "என்னண்ணே? கேக்கலை!"

"ஸ்குரூ எல்லாம் சரியா இருக்குன்னேன்!" என்று அவர் கத்தினார்.

பக்கத்திலிருந்த மனைவி அவர் முழங்காலைத் தன் வலது கையால், நின்றுபோயிருந்த அந்தக் கையால், மெல்லத் தட்டினாள். அவள் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது.

அப்போதுதான் அவர் வெளியே கொடியைப் பார்த்தார். பாப்பாவின் நீலப்பை. துவைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, இரண்டு கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தாள். மழை அதைப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தது.

"பாப்பா, பை! பை நனையுது!" என்று பதறி எழுந்தார்.

அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அவருக்குக் கேட்கட்டும் என்று காதருகே குனிந்தாள். "நனையட்டும் விடுங்கண்ணே."

பை கொடியில் திறந்த வாயோடு ஆடிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்திலிருந்தும் தண்ணீர் ஒரு நூலாக இறங்கியது.