கால் மணி நேர வேலை

கதவில் லட்சுமியைச் செதுக்கும்போது கண்ணை மட்டும் நான் பட்டறையில் வெட்டுவதில்லை. இமை, புருவம், விழியின் உருட்சி எல்லாம் முடித்துவிடுவேன். கருமணி மட்டும் பாக்கி நிற்கும். கதவை நிலையில் மாட்டி, வீட்டுக்காரியை வாசற்படிக்கு வெளியே நிறுத்தி, அவள் உயரம் பார்த்து, லட்சுமியின் பார்வை அவள் முகத்தில் விழுகிற மாதிரி அங்கேயே வெட்டுவேன். கால் மணி நேர வேலை. பட்டறையிலேயே வெட்டிவிட்டால் லட்சுமி எதிர்வீட்டு மாடியை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பாள். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரே ஒரு கதவில்தான் இந்த வேலையைச் செய்யாமல் வந்திருக்கிறேன். அது என் சொந்த அக்கா வீட்டுக் கதவு.

அக்கா வீடு கட்டியபோது, "வாசக் கதவு உன் கையாலதான்டா" என்று முன்னாலேயே சொல்லிவிட்டாள். தேக்கில் ஒற்றைக் கதவு. நடுவில் தாமரை மேல் லட்சுமி, இரண்டு பக்கமும் குடம் தூக்கிய யானைகள். மற்ற வேலைகளை ஓரங்கட்டிவிட்டு ஆறு மாதம் செதுக்கினேன். மாட்டிய அன்று மாமாவின் அலுவலக நண்பர்கள் வீடு பார்க்க வந்திருந்தார்கள். அக்காவை வாசலில் நிறுத்தினேன். அவள் என் தோளுக்குத்தான் வருவாள். உளியை எடுக்கிறேன், பின்னால் மாமாவின் குரல்.

"ஆறு மாசம் இழுத்தடிச்சிட்டானே என் மச்சான்! மெஷின்ல குடுத்திருந்தா ஆறே நாள்ல யானை குட்டியே போட்டிருக்கும்."

நண்பர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மாமாவுக்கு வாய் அப்படி. மனசில் ஒன்றும் கிடையாது. இன்றைக்கு இதை நிதானமாகச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அப்போ கண்ணையும் மெஷினையே தொறக்கச் சொல்லுங்க மாமா."

உளிகளைத் துணியில் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அக்கா கேட் வரைக்கும் ஓடி வந்தாள். "டேய், விளையாட்டுக்குச் சொன்னாருடா" என்றாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.

அப்புறம் ஆறு வருஷம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அக்காதான் என்னைப் பார்க்க வருவாள். பட்டறையில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சேலையில் ஒட்டுகிற மரத்தூளைத் தட்டியபடி ஊர்க்கதை எல்லாம் பேசுவாள். எழுந்து போகும்போது மட்டும், "ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்டா. கால் மணி நேர வேலைதானே?" என்பாள்.

"அவரு வந்து கூப்பிடட்டும்."

"அவரு சொன்னதையே மறந்துட்டாருடா!"

"நான் மறக்கல."

வேறு ஆளை வைத்து வெட்டிக்கொள்ளவும் அவள் சம்மதிக்கவில்லை. தம்பி ஆரம்பித்ததைத் தம்பிதான் முடிக்கணுமாம். அதைக் கேட்டு உள்ளூர எனக்குப் பெருமை வேறு. என்ன ஜென்மமோ நான்.

போன மாதம் அக்காவுக்குக் காய்ச்சல். நாலே நாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்குத்தான் அந்தப் படியை மறுபடி ஏறினேன். கதவைச் சுவரோடு சுவராகத் திறந்து வைத்து அதன் முன்னால் நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். நல்லவேளை என்று நினைத்தேன். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஒரு மாதம் தூக்கம் பிடிக்கவில்லை. அவள் இருக்கும்போது செய்யாததை இப்போதாவது செய்து தொலைப்போம் என்று, நேற்றுக் காலை சின்ன உளியைத் தீட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

கதவு சாத்தியிருந்தது. லட்சுமிக்குக் கண் இருந்தது. இரண்டு கருமணியும் கருகருவென்று என் முகத்துக்குக் கீழே, தோள் மட்டத்தில் பார்த்தன.

எனக்கு வந்ததே கோபம்! கதவைப் படபடவென்று தட்டினேன். மாமா திறந்தார். ஒரு மாதத்தில் பாதி ஆளாகியிருந்தார்.

"யாரைக் கூட்டிட்டு வந்து வெட்டினீங்க? என் வேலையில வேற ஒருத்தன் எப்படிக் கை வெக்கலாம்?"

மாமா கட்டைவிரலால் லட்சுமியின் ஒரு கண்ணைத் தேய்த்தார். கறுப்பு இழுபட்டுக் கன்னம் வரை வந்தது.

"மை, மச்சான். உங்கக்கா போட்டது. நீ கோவிச்சுட்டுப் போனதுக்கு மறுநாள்லேருந்து. தெனம் காலைல தனக்குப் போட்டுட்டு, அதே விரலோட வந்து இதுக்கும் போடுவா. தம்பி வர்ற வரைக்கும் இவளைக் குருடியா நிக்க வெக்க முடியுமான்னு கேப்பா. சாயங்காலம் துடைச்சிடுவா. மை ஊறிடுச்சுன்னா நீ வந்து வெட்டும்போது திட்டுவியாம்."

இழுபட்ட கறுப்பை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

"இப்போ நான் போடறேன்" என்றார்.

"இன்னிக்கே வெட்டிடறேன் மாமா. கொஞ்சம் வெளியில வந்து நில்லுங்க."

வந்து நின்றார். மாமா நல்ல உயரம். நான் உளியை விழியருகில் கொண்டுபோனேன்.

"யார் உயரத்துக்கு வெட்டப்போறே?" என்று கேட்டார்.

உளியைக் கீழே இறக்கினேன்.

"வேண்டாம் மச்சான். நீ வெட்டிட்டா காலைல எனக்கு ஒரு வேலையும் இல்ல."

உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவை எடுத்துவந்தார். முழங்காலை மடக்கிக் குனிந்து, அழிந்த கண்ணைத் திரும்பப் போட்டார். இடது கண்ணில் வட்டம் கோணல். அவர் விலகியதும் நானும் அக்காவின் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். லட்சுமி நேராக என் முகத்தைப் பார்த்தாள். உளி பிடிக்கத் தெரியாத மனுஷன், இம்மி பிசகாமல் அக்கா நின்ற இடத்தில் பார்வையை வைத்திருந்தார். வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா செத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

மாமா பக்கத்தில் உட்கார்ந்தார். டப்பாவை என் பக்கம் சாய்த்துக் காட்டினார். அடியில் தகரம் தெரிந்தது.

"மை தீரப்போகுது மச்சான். மேல ஒட்டியிருந்த பேரெல்லாம் தேஞ்சு போச்சு. கடையில வேற வேற குடுக்கறான், எதுவும் நிக்க மாட்டேங்குது, வழியுது. உங்கிட்டதான் எல்லாம் பேசுவாளே, இதை எங்க வாங்குவான்னு எப்பவாவது சொல்லியிருக்காளா?"

ஆறு வருஷம் பட்டறையில் என் எதிரில் உட்கார்ந்து பேசியிருக்கிறாள். அவள் கண்ணில் மை இருந்ததா என்றே எனக்கு நினைவில்லை.