மேதியர் நாட்டு அழகி

எங்கள் கம்பெனி சேலம் செவ்வாய்ப்பேட்டையில், ஒரு மளிகை மொத்தக் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே மிளகாய் மூட்டை இறக்கினால் மேலே நாங்கள் தும்முவோம். அந்தத் தும்மலுக்கு நடுவில் செல்போன் விளையாட்டு ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. முதல் போட்டவர் குருமூர்த்தி சார். படம் வரைபவர் மார்ட்டின் அண்ணன். அந்த விளையாட்டு நடக்கிற உலகத்தை எழுதுவது நான், அபிநயா.

அந்த உலகத்தில் மனிதர்களே கிடையாது. வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. பல குலங்கள் உண்டு. அதில் நான் ஆசையாக எழுதியது மேதியர் குலம். மேதி என்றால் எருமை. எருமைத் தலையோடு இரண்டு காலில் நடந்து, ஆற்றங்கரையில் அரசாட்சி நடத்துகிற பெரிய உடம்புக்காரர்கள். அவர்களுடைய ராணி மையாள்.

திங்கட்கிழமை நான் போவதற்குள் சார் ராணியை மாற்றிவிட்டார். ஏஐயிடம் கேட்டு ஒரு படம் வாங்கித் திரையில் வைத்திருந்தார். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக ஒரு பெண். இடுப்பு ஒரு பிடிக்குள் அடங்கும். திருவிழாக் கடையில் விற்கிற ஹேர்பேண்டு மாதிரி தலையில் இரண்டு குட்டிக் கொம்பு.

"யாருங்க சார் இது?"

"மையாள்மா."

"இதா? பவுடர் டப்பா மேல சிரிக்கிற பொண்ணுங்க சார் இது."

"கொம்பைக் கழட்டிட்டா பக்கத்து ஜவுளிக்கடை விளம்பரத்துக்கும் குடுத்துரலாம். ஒரே செலவு," என்றார் மார்ட்டின் அண்ணன்.

சார் சிரிக்கவில்லை. "ஆம்பளை மேதி எப்படி வேணா இருக்கட்டும். ராணின்னா அழகா இருக்கோணும். அவளைப் பாத்துத்தான் ராஜா போருக்கே போறான்."

"யார் கண்ணுக்கு அழகா? ராஜாவுக்கு எருமை மூஞ்சிங்க சார். அவன் இந்தப் பொண்ணைப் பாத்தான்னா, அய்யோ பாவம், சீக்கு வந்து தோலெல்லாம் வெளுத்துப் போச்சேன்னு வைத்தியரைக் கூப்பிடுவான்."

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேசரி, பஜ்ஜி எல்லாவற்றையும் தட்டில் மிச்சமில்லாமல் தின்றுவிட்டுப் போய், 'படிச்ச பொண்ணுதான், கலர்தான் கொஞ்சம் கம்மி' என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அப்பா போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போய் ஊர் ஊராகப் பூமியைத் துளைத்துப் படிக்க வைத்தார். அந்தப் பட்டத்துக்கு ஒரு கிரீம் டப்பாவின் மதிப்பு இல்லை. இந்த ஆட்கள் நுழைய முடியாத ஓர் உலகத்தை எழுதலாம் என்று பார்த்தால், அங்கேயும் கொம்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"வெள்ளிக்கிழமை கோயமுத்தூர்ல இருந்து பிரபா மேடம் வராங்க," என்றார் சார். "அவங்க கம்பெனிதான் இதை வெளியிடப் போவுது. அதுக்குள்ள உன் எருமை மூஞ்சி ராணி மேல ஒருத்தன் ஆசைப்படுவான்னு என்னை நம்ப வெச்சிரு. முடியலைன்னா இந்தப் படம்தான் போகும்."

*

சாருக்கு ராசிபுரம். அவர் வீட்டில் நெய் வியாபாரம். அவருடைய அப்பா இன்றைக்கும் எருமை வைத்திருக்கிறார். என் அம்மா அங்காளம்மாள் ஒரு சினை எருமையை விற்கப் பார்க்கிறாள் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். புதன்கிழமை மாலை சார் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர் ஜேடர்பாளையம் வந்தார்.

எங்கள் பக்கம் மாடு வாங்க வருகிறவர் வாயைத் திறந்தால் குறைதான் வரும். வால் குட்டை, கால் வளைவு, பார்வை சரியில்லை என்று இல்லாததையெல்லாம் சொல்வார்கள். அப்போதுதான் விலை இறங்கும். சார் மாட்டுக் கட்டுத்தறிக்குள் நுழைந்து அந்தச் சினை எருமையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அடடடா! இந்தக் கருப்பைப் பாருங்க. மழைல நனைஞ்ச கல்லாட்டம் என்னமா மின்னுது! மருந்துக்குக்கூட ஒரு வெளுப்பு இல்லையே. கொம்பு முறுக்குப் புழிஞ்ச மாதிரி சுத்தியிருக்குது. மூக்கைப் பாருங்க, முத்து முத்தா ஈரம். கொஞ்சம் நடக்க உடுங்க... ஆகா, அவசரமே இல்லாத நடை. ஆறே இவ பேருக்கு எழுதி வெச்சதாட்டம் ஒரு நடை!"

நான் சத்தமில்லாமல் செல்போனில் பதிவை ஓட விட்டேன். கருப்பு என்ற சொல்லை அவ்வளவு உருக்கமாக ஓர் ஆண் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அம்மா என் காதில் கேட்டாள். "ஏஞ்சாமி, இவரு வாங்க வந்தாரா, விக்க வந்தாரா?" அடுத்த மூச்சில் விலையை ஏற்றினாள். சார் கேட்டதை அப்படியே எண்ணிக் கொடுத்தார்.

அதே தறியில் ஒத்தக்கொம்பியும் நின்றாள். ஒரு கொம்பு ஒடிந்து, முதுகு கட்டில் மாதிரி அகன்ற கிழட்டு எருமை.

"இதை எதுக்குங்க வெச்சிருக்கீங்க?" என்றார் சார்.

"அது பாட்டுக்குக் கெடக்குதுங்க," என்றாள் அம்மா.

சினை எருமை டெம்போவில் ஏறி ராசிபுரம் போயிற்று.

*

வியாழக்கிழமை காலை ராஜா காதல் சொல்கிற காட்சியை வாசித்தேன். மழையில் நனைந்த கல், முறுக்கிய கொம்பு, ஈர மூக்கு, ஆற்றையே எழுதி வாங்கிய நடை. சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பிரமாதம்மா. உனக்குச் சண்டைதான் வரும்னு நெனச்சேன். காதலும் வருதே! எங்க புடிச்ச இந்த வரியெல்லாம்?"

"நான் எழுதலைங்க சார். நீங்க சொன்னதுதான். நேத்து, எங்க ஊட்டுக் கட்டுத்தறில."

பதிவை ஓட்டினேன். 'அடடடா' என்று சாரின் குரல் அறை முழுக்க நிறைந்தது. மார்ட்டின் அண்ணன் மேசைக்குக் கீழே குனிந்துகொண்டார்; முதுகு மட்டும் குலுங்கியது.

"மடியைப் பத்தி நீங்க பேசினதை மட்டும் எடுத்துட்டேனுங்க சார்," என்றேன். "குழந்தைங்களும் விளையாடுவாங்க."

சார் முகத்தில் கோபமும் சிரிப்பும் மாறி மாறி வந்தன. கடைசியில் அந்த வெள்ளைப் பெண்ணை அவரே அழித்தார். "சரி, கருப்பு ராணிதான். மார்ட்டின், நீ வரைஞ்சதைக் காட்டு."

படத்தைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"கொம்பு ஒண்ணு தொங்குது."

"சண்டைல அடிபட்டதுங்க சார். கதைல இருக்குது," என்றேன்.

"இருக்கட்டும், ஒசத்திரு. கழுத்து தடிமன், மெலிய வை. முதுகு எதுக்கு இவ்வளவு அகலம்? ராணி எருமைன்னா ஒரு லட்சணம் வேண்டாமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பவுடர் டப்பாவை வெளியே துரத்தினால் மாட்டுச் சந்தை உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. இனி இந்த மனிதர் மேதியர் நாட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியையும் பல் பிடித்துப் பார்ப்பார்.

"சார், அது மாடு வாங்கறவர் கண்ணு. மேதியை மேதி அப்படிப் பாக்குமா?"

"வேற எப்படிப் பாக்கும்? நீயே சொல்லு."

எழுதிய காட்சியைத் திரும்பப் புரட்டினேன். நான் எழுதிய ராஜாவும் சாரின் கண்ணால்தானே ராணியைப் பார்த்தான்!

அப்போது சாரின் அப்பா ராசிபுரத்திலிருந்து போன் செய்தார். அவர் போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது. புது எருமை தவிட்டுத் தண்ணியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லையாம். விடிய விடியக் கத்தித் தெருவையே எழுப்பிவிட்டதாம். சீக்கு மாட்டைத் தலையில் கட்டிவிட்டார்களா என்று கேட்டார்.

சார் என்னை முறைத்துக்கொண்டே அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"சீக்கெல்லாம் இல்லீங்க," என்றாள் அம்மா. "அது ஒத்தக்கொம்பியைத் தேடுது. தறில படுத்தாலும் வாய்க்கால்ல படுத்தாலும் அவ முதுவுல தாடையை வெச்சாத்தான் இதுக்குக் கண்ணு மூடும். இது மட்டுமா? பக்கத்துத் தோட்டத்து எருமைங்களும் வாய்க்கால்ல எறங்குனா அவகிட்டத்தான் போவும். தாடை வெக்க எடம் புடிக்க ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும்."

"அந்தக் கிழட்டு எருமைகிட்ட அப்படி என்னங்க இருக்குது?"

"எனக்கெப்படிங்க தெரியும்? நான் என்ன எருமையா?"

மார்ட்டின் அண்ணன் மறுபடியும் மேசைக்குக் கீழே போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயசிலிருந்து வாய்க்கால் கரையில் உட்கார்ந்து அந்தக் காட்சியைப் பார்த்தவள் நான். தண்ணீருக்கு மேலே மூக்கும் கண்ணும் மட்டும் தெரிய, நடுவில் ஒரு கறுத்த முதுகு, அதன்மேல் தாடைகள். எருமை தூங்குகிறது என்று நினைத்தேனே தவிர, எருமை எதையோ ரசிக்கிறது என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

"சார்," என்றேன், "மேதியர் நாட்டுல அழகுன்னா முதுகு. யார் முதுகுல அதிகம் பேர் தாடை வெக்க ஆசைப்படறாங்களோ அவதான் அழகி. கொம்பை யாரும் பாக்க மாட்டாங்க. கல்யாணம் பேச வந்தா மூஞ்சியை நிமிர்த்திப் பாக்கறதில்ல. பக்கத்துல படுத்துப் பாக்கணும். தூக்கம் வந்தா சம்மதம்."

"தூக்கம் வரலைன்னா?"

"எந்திரிச்சுப் போக வேண்டியதுதான். கேசரி, பஜ்ஜி எதுவும் கெடையாது."

சார் படத்தில் ராணியின் முதுகை விரலால் அளந்து பார்த்தார். பிறகு போனில் இன்னும் காத்திருந்த அம்மாவிடம், "அந்த ஒத்தக்கொம்பியையும் டெம்போல ஏத்தி உடுங்க," என்றார். அதற்கு அம்மா என்ன விலை சொன்னாள் என்பதை இங்கே எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அன்று மதியம் காட்சியைத் திருத்தினேன். ராஜா இப்போது நீளமாகப் பேசுவதில்லை. போரில் களைத்து வந்து, 'உன் முதுகில் என் தாடைக்கு இடமிருக்குமா?' என்று மட்டும் கேட்கிறான். சாரின் வசனத்தை வீணாக்கவில்லை. அதைப் பக்கத்து நாட்டு வணிகன் வாயில் வைத்தேன். அவன் கொம்பையும் நடையையும் புகழப் புகழ மேதியர் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மார்ட்டின் அண்ணன் ராணியின் முதுகை இன்னும் அகலமாக்கினார்.

*

வெள்ளிக்கிழமை பிரபா மேடம் வந்தார். மையாளின் படத்தைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, சாய்த்துப் பார்த்தார்.

"இடுப்பே இல்லையே. இவங்கதான் அழகியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார். முதுகு, தாடை, வாய்க்கால், பெண் பார்க்கிற முறை என்று கால் மணி நேரம் பேசினார். கட்டுத்தறியில் பேசினதைவிட இது இன்னும் நன்றாக இருந்தது.

பிரபா மேடம் யோசித்தார். "அடிபட்ட வீரன் இவங்க முதுகுல தாடை வெச்சா உயிர் ஏறுற மாதிரி வெக்க முடியுமா? வேற விளையாட்டுல எல்லாம் மருந்துப் புட்டியைத்தான் குடிக்கறாங்க. எனக்கு அது சலிச்சுப் போச்சு."

"வெச்சிரலாம் மேடம்," என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

அவர் போனதும் சார் தன் செல்போனை நீட்டினார். அவருடைய அப்பா அனுப்பிய படம். ராசிபுரத்துத் தறியின் நடுவில் ஒத்தக்கொம்பி. அவள் முதுகில் எங்கள் எருமையின் தாடை. சாரின் அப்பா தேடித் தேடி வாங்கிய ஒசத்தி எருமைகள் எல்லாம் கயிற்றை இழுத்துக்கொண்டு அவள் பக்கமாகச் சாய்ந்து நின்றன.

"அப்பாகிட்ட இவ பேரு மையாள்னு சொல்லிட்டேன்," என்றார்.

"சொல்லிக்கங்க சார். ஆனா பிரபா மேடத்துக்குக் கதை ஃபைலைக் காட்டுனீங்களே, அதோட முதல் பக்கத்துல 'கற்பனை: குருமூர்த்தி'ன்னு இருக்குதே, அது யாரு?"

"அது... அவசரத்துல அடிச்சதும்மா. ரெண்டு பேர் பேரையும் போட்டுரலாம்."

"யார் பேரு முதல்ல?"

மார்ட்டின் அண்ணன் தன் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டு வசதியாக உட்கார்ந்தார். சார் விசைப்பலகையைப் பக்கத்தில் இழுத்தார். அவர் அபிநயாவின் 'அ'வில் தொடங்குகிறாரா என்று பார்க்க நான் அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.