ஜில்லென்றிருந்த வில்லை

ஒற்றை விரலால் ஒரு முழு ஆளைச் சுரங்கத்திலிருந்து வெளியே எடுத்தவர் உலகத்திலேயே தான் ஒருவர்தான் என்று சாதிப்பார், ஓய்வுபெற்ற சுரங்க வாயிற்காவலர். அந்த ஆள் மூன்று யானை கனமாம்!

"நாளைக்குப் பாதுகாப்புக் கூட்டத்துல இதையா பேசப் போறீங்க? புதுசா சேந்தவங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க," என்றாள் மனைவி. "எங்கண்ணன் ஆமான்னு சொல்லட்டும், அப்புறம் பேசுங்க."

அண்ணன் அந்தக் காலத்தில் சுரங்க மேஸ்திரி. தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "புளுகு மூட்டை," என்றார். முப்பது வருஷமாக இதே பதில்தான்.

காவலர் கண்ணை மூடிக்கொண்டார். ஆகா, அந்தக் குளிர்காலக் காலைகள்! ஈரக்கல் வாசம், பூட்ஸ் சத்தம், வாயில் பலகையில் ஆணிக்கு ஒன்றாகத் தொங்கும், ஆளுக்கொரு எண் பொறித்த பித்தளை வில்லைகள். உள்ளே போகிறவர் தன் வில்லையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், வந்ததும் மாட்டுவார். பலகை நிறைந்தால் உள்ளே யாரும் இல்லை. காவலர் விசில் ஊதுவார், பாறைக்கு வெடி வைப்பார்கள்.

"அன்னிக்குப் பலகை நிறைஞ்சிருந்துச்சு. விசிலை வாயில வெச்சுக்கிட்டே ஒத்தை விரலால வரிசையா ஒரு தடவு தடவுனேன். எல்லா வில்லையும் நெஞ்சுச் சூட்டுல இஸ்திரிப் பெட்டியா கொதிக்குது. ஒண்ணு மட்டும் ஐஸ்கட்டி! பையிலயே போகாத வில்லை. யாரோடதுன்னு பாத்தா, நம்ம மச்சானோடது! 'நிறுத்துங்கடா'ன்னு போட்டேன் பாரு ஒரு கத்து, நாலு மைல் தள்ளி வீட்டு ஓடெல்லாம் பறந்துச்சு."

"ஓடு ஒண்ணும் பறக்கலை," என்றார் மேஸ்திரி வெடுக்கென்று.

"அப்போ கத்துனது நெசமாண்ணே?"

சோறு பிசைந்துகொண்டிருந்த மேஸ்திரியின் கை நின்றது.

"என்னைப் புளுகன்னே சொல்லிக்கோ மச்சான்," என்றார் காவலர், முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தி. "ஆனா இப்பவும் அங்க வில்லையை எடுக்காம உள்ள போறாங்களாம். அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

மேஸ்திரி தங்கையைப் பார்க்கவில்லை.

"முந்தின நாள் அளவு நாடாவை உள்ளயே விட்டுட்டேம்மா. அஞ்சு நிமிஷ வேலைதானேன்னு வில்லையை எடுக்காமப் போயிட்டேன். தெனம் அத்தனை பேரையும் அதுக்காகவே திட்டுனவன், எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஒத்துக்கறது? மாப்ள கத்தலைன்னா நான் இல்லை. நடந்ததுதான்."