நனையாத துணி

அன்று காலை கிண்ணியாவில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: என் மனைவியின் உம்மா, மாமி பரீதா. அவருடைய தங்கை ரபீக்கா சாச்சி. பிள்ளை பார்க்க வந்து, போக மனமில்லாத பக்கத்து வளவுப் பெண்கள் ஒரு பாய் நிறைய. அப்போதுதான் சைக்கிளை விட்டு இறங்கிய மருத்துவமாது பூரணி மிஸ்ஸி. முற்றத்தில் தன் பழைய வாடகைக் காரோடு ஆதம்பாவா. அறைக்குள் என் மனைவி நஜ்முன் நிஸாவும், பிறந்து நாலாவது நாளான எங்கள் மகனும். வாசற்படியில் நான். இத்தனை பேரும் ஒரே விஷயத்துக்காகக் காத்திருந்தோம். பிள்ளை மூத்திரம் பெய்ய வேண்டும்.

எனக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. காலைப் பாதையில், ஆட்களை ஏற்றும் மிதவையில், கடல் கடந்து வீட்டுக்கு வந்தபோது கொடியில் ஒரு பிள்ளைத் துணியும் இல்லை.

"எங்க துணியெல்லாம்?" என்றேன்.

"நனைஞ்சாத்தானே, மருமகன், கழுவுறதுக்கு. நேத்துப் பகல்ல இருந்து ஒரு துணி மாத்தல்ல," என்றார் சாச்சி. அதை நல்ல செய்தி போலச் சொன்னார்.

சாப்பிடாமல் போய் மிஸ்ஸியையும், அவர் சொன்னபடி ஆதம்பாவாவையும் கூட்டி வந்தேன்.

போன வருடம் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். ஒரு கிழமை இருந்தாள். பிறகு மையவாடியில் அடக்கினோம். ஏன் போனாள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை, மாமியைத் தவிர. நிஸா களவாகக் கிணற்றுத் தண்ணீர் குடித்தாளாம். குளிர் பாலில் இறங்கிப் பிள்ளைக்குச் சன்னி கண்டதாம். ஆகவே இந்த முறை தண்ணீருக்கு மாமி காவல். நிஸாவுக்குக் கிடைத்ததெல்லாம் சோறு, சுட்ட கருவாடு, ஒரு மிடறு தேத்தண்ணி. அதோடு மிளகும் வேர்க்கொம்பும் உள்ளியும் அரைத்து உருட்டிய பேற்று மருந்து, காயம். யன்னலை அடைத்துச் சட்டியில் தணல் வைத்திருந்தார்கள். மாமி குசினிக்குப் போனால்கூட அறையைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போவார். அது மகளுக்கு அவர் கொடுத்த வீடு. நான் அதற்குள் வந்து இருப்பவன். அங்கே எனக்கும் உட்காரும் கதிரைக்கும் ஒரே அளவு பேச்சுத்தான்.

மிஸ்ஸி பிள்ளையின் வாய்க்குள் விரல் வைத்துப் பார்த்தார். உள்ளங்காலைச் சுண்டினார். அவன் அழக்கூட இல்லை, முனகினான்.

"பிள்ளைக்குப் பால் காணாது. தாய்க்குத் தண்ணி காணாது. பின்னேரப் பாதைக்குள்ள துணி நனையாட்டி ரெண்டு பேரையும் திருகோணமலை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவன்."

"நாப்பது நாள் கழியாம வாசல் தாண்டுறதா?" என்றார் மாமி.

"அப்ப இவவுக்குத் தண்ணி குடுங்கோ."

"குடிச்சித்தானே மத்தப் புள்ள மௌத்தாப் போச்சி. இதுக்கும் கபுறு தோண்டச் சொல்றீங்களா?"

பாயில் இருந்தவர்கள் நிஸாவைத் திரும்பிப் பார்த்தார்கள். நிஸா சுவரைப் பார்த்தாள். அவளுடைய உதடு வெடித்திருந்தது.

மிஸ்ஸி எழும்பினார். நேரே குசினிக்குப் போய்ப் பெரிய கேத்தலை அடுப்பில் வைத்தார். கொதித்ததும் காய உருண்டையில் புளியங்கொட்டை அளவு கிள்ளிப் போட்டுக் கலக்கினார்.

"என்ன இது?" என்றார் மாமி.

"காயம்."

"கேத்தல் நிறையவா?"

"காயம் கூடக் குடுத்தா நல்லம் எண்டு நீங்கதானே சொன்னனீங்கள்."

மாமி கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. தண்ணீர் எது, காயம் எது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த முனகல் அவர் காதிலும்தான் விழுந்துகொண்டிருந்தது.

"சூடா இரிக்கா?"

"கை வைக்க ஏலாது."

"அப்ப குடுங்க."

நிஸா தகரக் கோப்பையை ஊதி ஊதிக் குடித்தாள். மறுபடி நீட்டினாள். மறுபடியும். மிஸ்ஸி தணல் சட்டியை வெளியே வைத்து, யன்னலைத் திறந்தார். பிறகு பாயைப் பார்த்தார்.

"பிள்ளை மடி மடியா மாறினது காணும். இனித் தாயிட மடி."

"பார்க்க வந்த ஆக்கள எழும்பச் சொல்றதா மிஸ்ஸி?" என்றார் சாச்சி.

"பார்த்திட்டியள்தானே. ரெண்டு கண், ஒரு மூக்கு. எல்லாம் இருக்கு. எழும்புங்கோ."

அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. முற்றத்தில் ஆதம்பாவாவின் காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

மிஸ்ஸிக்கு வேறு வீடுகளும் இருந்தன. பாதைக்கு முன் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார். அவர் காட்டியபடி நிஸா பிள்ளையின் காலைச் சுண்டி எழுப்பி மார்பில் போட்டாள். அவன் இரண்டு இழுப்பு இழுத்துத் தூங்கினான். திரும்பச் சுண்டினாள். நண்பகல் லுஹர் பாங்கு சொன்னது. துணியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. பிறகு அவன் கொஞ்சம் நீளமாக இழுத்தான், விழுங்கும் சத்தம் கேட்டது. துணி அப்போதும் காய்ந்தே இருந்தது. போன வருடம் அந்தச் சின்னக் குழியில் மண் விழுந்த சத்தம் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பின்னேரத்து அசர் பாங்கும் சொன்னது. ஆதம்பாவா பெண்களை இறக்கிவிட்டுக் காரை உறுமவிட்டார்.

மாமி பிரயாணத்துக்குச் சுற்றுவதற்காகப் பிள்ளையை வாங்கி மடியில் கிடத்தித் துணியை அவிழ்த்தார். அப்படியே நின்றுபோனது அவர் கை.

"என்ன உம்மா?" என்றாள் நிஸா.

"பெய்றான்."

"அசையாதீங்க மாமி, நிப்பாட்டிருவான்!" என்று கத்தினேன்.

"நான் என்ன பைப்பையா புடிச்சிட்டிருக்கன், நிப்பாட்ட?"

அவன் மாமியின் சேலையில் நன்றாகவே பெய்தான். பிள்ளையை நிஸாவிடம் கொடுத்துவிட்டு, மாமி அந்த ஈரச் சேலையோடு முற்றத்துக்குப் போய் எல்லாருக்கும் காட்டினார். சாச்சி முகர்ந்தும் பார்த்தார்.

"அப்ப நான் போறதா?" என்றார் ஆதம்பாவா.

"போங்க. ஒங்கட காருல பெய்யாம உட்டானே, அதுக்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்லிட்டுப் போங்க," என்றார் மாமி.

மிஸ்ஸி வந்தபோது பிள்ளை பசிக்கு அழுதுகொண்டிருந்தான், உரத்த அழுகை. அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்றைக்கு ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார். கேத்தல் காலியாகக் கூடாது, துணி மறுபடி காய்ந்தால் மறுபேச்சு இல்லாமல் பாதையேற வேண்டும், காலையில் வருவேன் என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தார். நான் வேலைக்குப் போகவில்லை. கிணற்றடியில் முகத்தைக் கழுவினேன்.

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பிறகு இரண்டாவது கேத்தலை மாமியே கொதிக்க வைத்தார். காயத்தை நகத்தால் கிள்ளிப் போட்டார், மிஸ்ஸி போட்டதில் பாதிகூட இருக்காது. அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தார். பிள்ளை நிஸாவின் மார்பில் இருந்தான். நான் கதவருகே நின்றேன்.

"உம்மா, எழும்புங்க. நான் படுக்கப்போறன்."

"படு. நான் காவலுக்கு இரிக்கன்."

"என்னத்தக் காக்க? தண்ணியையா?"

மாமி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் எழும்பினார்.

"திறப்பத் தந்துட்டுப் போங்க," என்றாள் நிஸா. "விடிஞ்சா அந்தப் பாய்க் கூட்டம் திரும்பி வரும்."

மாமி சேலைத் தலைப்பை அவிழ்க்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பெய்த இடத்தை அலசிய ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. திறப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு என்னைக் கடந்து வெளியே போனார். நிஸா பிள்ளையோடு எழுந்து வந்தாள். எனக்கும் கண்ணால் வாசலைக் காட்டினாள்.

வெளியே வந்தேன். கதவு சாத்திக்கொண்டது. பூட்டுக்குள் திறப்புத் திரும்பியது.