முதலில் ஒருவர், பிறகு இருவர்

"ஒராளைக் கண்டனெண்டு முதல் எழுதின மனிசன்..."

"அக்கா, நான் சொல்லுறதையும்..."

"...பிறகு ரெண்டு பேரைக் கண்டனெண்டுறார்! கடவுளைக் கண்டவருக்கு எண்ணத் தெரியாதோடா?"

மெற்றில்டா மீன் கழுவிய கையை உதறினாள். லண்டன் கோலியர்ஸ் வுட் வீட்டின் சின்னக் குசினியில் அவள் தம்பி யூட் கதவோரம் நின்றான். ஞாயிற்றுக்கிழமை மோர்மன் சபையில் ஞானஸ்நானம் எடுக்கப்போவதாக அவன் சொன்ன நாள்முதல் அவள் மகளின் லப்டொப்பில் அந்தச் சபையைப் பற்றித் தேடித் தேடி வாசித்தாள்.

"உன்ரை சபையைத் துவக்கின ஜோசப் ஸ்மித் காட்டுக்குள்ள செபிக்கப் போய்க் கடவுளைக் கண்ட கதையை, பிரசங்கம் பண்ண வாற உன்ரை வெள்ளைச் சேட்டுப் பொடியள் மனப்பாடமாச் சொல்லுறாங்கள். பன்னிரண்டு வருசம் கழிச்சு அவர் முதல் எழுதினதில கர்த்தர் மட்டும்தான். பிறகு எழுதினதில பிதாவும் சுதனும். பக்கத்து வீட்டுக்காரியை மறக்கலாம். பிதாவை மறக்கலாமோ?"

"நானும் கேட்டனான். சொல்லாமல் விட்டது பொய் சொன்னதில்லை எண்டாங்கள்."

"நம்பினியோ?"

"நம்பவேணும் அக்கா."

"ஏன்? எங்கட மாதா கோயில் உனக்குக் காணாதோ?"

வாசல் மணி அடித்தது. யூட் சட்டென்று குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் ஒடுங்கினான். பக்கத்து வீட்டுக்கான பார்சல்தான். மெற்றில்டா அதை வாங்கி வைத்துவிட்டுத் திரும்பியபோதும் அவன் அங்கேயே நின்றான்.

"ஊரில மே மாசத்தோட சண்டை முடிஞ்சுதெண்டு ரீவியில சொல்லிப்போட்டாங்கள். நீ இன்னும் மணிக்குப் பயப்பிடுறாய். வாடா, ஒருத்தருமில்லை."

அவன் அங்கே நின்றபடியே சொன்னான்.

"அகதி கேஸுக்கான முதல் இன்ரவியூவில, ஆமிக் காம்பில என்னை அடிச்சது ஒராள் எண்டு சொன்னனான். ஆமிக்காரன் மட்டும்."

"ஓம். அதுக்கென்ன?"

"ரெண்டாம் இன்ரவியூவில ரெண்டு பேர் எண்டன்."

மீனை வெட்டிய கத்தி நின்றது.

"மற்றவன் ஆர்?"

"சாக்கால முகம் மூடின தலையாட்டி. எங்கட சனத்தைக் காட்டிக் குடுக்கிற எங்கட ஆள்தான். தமிழில கேட்டுக் கேட்டு அடிச்சவன். முதல் இன்ரவியூவுக்கு மொழிபெயர்க்க வந்தவரும் யாழ்ப்பாணம். குரல் அவன்ரை மாதிரிக் கிடந்தது. அவன்தானோ, இல்லையோ, இண்டைக்கும் தெரியாது. அவருக்கு முன்னால எப்பிடி வாய் திறக்கிறது?"

"இதாலயோ உன்ரை கேஸை மறுத்தவங்கள்? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

"முதல் ஒராள், பிறகு ரெண்டு பேர், இட்டுக்கட்டின கதையாம்."

அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்தது. மெற்றில்டா அதைக் குறைக்கவில்லை. நாளைக்கு அப்பீல் விசாரணை. அவனுக்கு இருந்த ஒரே சாட்சி அவள்தான். தோற்றால் கொழும்புக்கு விமானம். போன மாதம் அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட, கோயிலில் பழகிய எமில்டாவின் மகனிடமிருந்து இன்னும் ஒரு போன்கூட இல்லை.

"அது வேறை, இது வேறை," என்றாள். "அவர் பேரெடுக்க ஆசைப்பட்டு மாத்தியிருப்பார். நீ பயந்துபோய் மறைச்சனி."

"அவர் ஏன் மாத்தினாரெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அது... எல்லாருக்கும் தெரியும்."

"என்ரை கதையும் இட்டுக்கட்டினதெண்டு அப்பிடித்தான் எல்லாருக்கும் தெரியும்." அவன் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். "ஸ்மித் மெய்யோ பொய்யோ எனக்குத் தெரியாது அக்கா. நாளைக்கு ஜட்ஜ் உங்களைக் கூப்பிட்டு, கதையை மாத்தினவரை நீங்கள் ஏன் நம்புறியள் எண்டு கேட்டால் என்ன சொல்லுவியள்?"