மெழுகுச் சுவர்

துளைக்கும் கருவி சுவருக்குள் நாலு விரற்கடை இறங்கியதும் ஏசி மெக்கானிக் கையை இழுத்துக்கொண்டான். துளையிலிருந்து தெளிந்த எண்ணெய் போல ஏதோ கசிந்து வெள்ளைப் பூச்சின் மேல் கோடாக வழிந்தது.

"மேடம், உள்ள பைப் எதுவும் போகலன்னு சொன்னீங்களே?"

மகள் விரலால் தொட்டுப் பார்த்தாள். வழிந்தது மெழுகு. வீடு கட்டும்போது அப்பா தன் கையால் பை பையாக அடைத்து இந்தச் சுவர்களுக்குள் வைத்தது. பகலில் வெயிலின் சூட்டை அறைக்குள் விடாமல் தானே வாங்கிக்கொண்டு உருகும். ராத்திரி ஜன்னல்களைத் திறந்துவிட்டால் காற்றுக்கு மறுபடி இறுகும். ஊரெல்லாம் கண்ணாடி அலுவலகங்கள் வரைந்து கொடுத்தே ஓய்வுபெற்ற மனிதர், சொந்த வீட்டை மட்டும் ஏசி வேண்டாத வீடாகக் கட்டினார். தெருவில் அவருக்கு மெழுகு இன்ஜினியர் என்று பெயர். எந்தச் சுவர், எவ்வளவு ஆழம் என்றெல்லாம் அவளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவள் போனைப் பார்த்தபடி உம் கொட்டியிருக்கிறாள்.

அப்பாவுக்கு நுரையீரல் கைவிட்டு ஒரு மாதம் ஆகிறது. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். முந்தின நாள் வெளியூரிலிருந்து வந்து இறங்கிய மகள் வெளியே அடித்த வெயிலைப் பார்த்தே பயந்துபோனாள். அறை குளுமையாகத்தானே இருக்கிறது என்று அம்மா சொன்னது காதில் ஏறவில்லை. காலையில் போய் ஏசி வாங்கி வந்துவிட்டாள்.

கட்டிலில் அப்பா விழித்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் மாஸ்க்கை நகர்த்தச் சொல்லிச் சைகை காட்டினார். அவள் குனிந்தாள்.

"தப்பு பண்ணிட்டேன்ப்பா."

"பாத்தியா குட்டி... முழுசா உருகியிருக்கு." மூச்சு வாங்கினார். "வேல செய்யுது. இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான் கண்ணால பாக்குறேன்."

மெக்கானிக் கருவிப் பெட்டியை மூடட்டுமா என்று கேட்டான். மூடச் சொல்ல அவள் திரும்பியபோது அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மாட்டட்டும். உனக்கு மனசு ஆறும்ல."

நாலரைக்கு ஏசி ஓடத் தொடங்கியது. குளிருதாப்பா என்று கேட்டதற்கு இல்லையென்று மெல்லத் தலையசைத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் போர்வையைச் சரிசெய்யும்போது அவர் பாதம் ஜில்லென்று பட்டது. ஏசியால்தான் என்று நினைத்தாள். ரிமோட்டை எடுத்து இருபத்துநாலில் வைத்தாள். பிறகு இருபத்தெட்டு. பிறகு அணைத்தே விட்டாள். இன்னொரு போர்வையைப் போட்டு, பாதங்களை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தாள். சூடு ஏறவில்லை. தேநீரோடு வந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். அவர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். முகத்திலிருந்த மாஸ்க்கைக் கழற்றி, அது பதிந்திருந்த தடத்தைப் புடவைத் தலைப்பால் ஒற்றினாள்.

"போதும்டி. விடு."

அவள் விடவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் ஹாலில் உட்கார்ந்தார்கள். எவ்வளவு நல்ல மனிதர் என்றார்கள். வெயிலில் வெளியே தலை காட்ட முடியவில்லை என்றார்கள். சீக்கிரம் எழுந்து போகிறவர்களாகத் தெரியவில்லை. தண்ணீர் கேட்டவர்களுக்கு மகள் எடுத்துக் கொடுத்தாள்.

எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். புழுக்கத்தில் மூன்று நாளாகக் குழந்தை கண்ணையே மூடவில்லை என்று அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தால், துண்டில் கிடத்தியிருந்த குழந்தை புரண்டுபோய்ச் சுவரை ஒட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் கூச்சத்தோடு எழுந்து அதைத் தூக்கப் போனாள்.

"இருக்கட்டும், எழுப்பாதீங்க," என்றாள் மகள்.

அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அது. குழந்தையின் கன்னம் குளுமையான சுவரில் அழுந்தியிருந்தது. வியர்வையில் நெற்றியோடு ஒட்டிக்கிடந்த முடி ஒவ்வொன்றாகக் காய்ந்து பிரியத் தொடங்கியது.