திங்கட்கிழமை வந்த ராபின்

எங்கள் ஊரில் மூன்று வாரம் என்னைப் பற்றி ஒரு கதை உலவியது. மேபல் ஓக்லியின் ஜன்னலுக்கு ஒரு ராபின், அந்தச் சிவந்த மார்புச் சின்னக் குருவி, பசியோடு வந்ததாம். அதைப் பார்த்த மாத்திரத்தில் மேபல் விஷயத்தைப் புரிந்துகொண்டு, இடுப்பளவு பனியில் பக்கத்து வீட்டுக்கு ஓடிக் கிழவரைக் காப்பாற்றினாளாம். கடை வைத்திருக்கும் பெரில் இதைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பாதிரியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலேயே சேர்த்துவிட்டார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

நடந்தது வேறு.

பக்கத்து வீட்டுக் கிழவர் கிட்டின்ஸின் தோட்டத்துக்கும் என் தோட்டத்துக்கும் நடுவே ஒரு முள்செடி வேலி. அவருக்கு எழுபத்து மூன்று வயது, மனைவி இறந்து ஒன்பது வருடம், வீட்டில் தொலைபேசிகூட இல்லை. வேலிக்கு வயதானால் குளிர்காலத்தில் தண்டுகளைப் பாதி வெட்டிச் சாய்த்துப் பின்னிவிடுவது எங்கள் ஷ்ராப்ஷயர் பக்கம் எல்லோரும் செய்வதுதான். அவரும் செய்தார். செய்தவர், அதன்மேல் நான் பதினோரு வருடம் பார்த்துப் பார்த்து ஏற்றிவிட்டிருந்த ஹனிசக்கிள் கொடியையும் சேர்த்து வெட்டிவிட்டார்.

"தெரியாம நடந்துபோச்சு மிசஸ் ஓக்லி. வேர் இருக்கு, திரும்பத் தழைச்சிடும்" என்றார்.

"தழைக்கிறப்போ நான் இருக்கணுமே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அதற்கப்புறம் பதினான்கு மாதம் பேச்சு இல்லை. எனக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் போகாது. என் கணவர் உயிரோடு இருந்தவரை அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆளுயரம் இருந்த வேலி இப்போது இடுப்புயரம் ஆகிவிட்டது. பேசாத மனிதரைத் தினமும் பார்த்துத் தொலைய வேண்டியதாயிற்று. அவரை மட்டுமா? அவருடைய ராபினையும்தான். அவர் மண்வெட்டியைக் குத்தி நிறுத்தினால் அதன் கைப்பிடியில் வந்து உட்காரும். காலணி நுனியில் நிற்கும். அவர் கையை நீட்டினால் விரலில் உட்கார்ந்து தின்னும். "வாங்க துரை, இன்னிக்கு லேட்டு" என்று அவர் குசலம் விசாரிப்பது எனக்குக் கேட்கும். பறவைகளுக்குத் தீனி வைக்க நான் தோட்டத்தில் போட்டிருந்த மேசைக்கும் அது வரும், இல்லையென்று சொல்லவில்லை. கொழுப்புக் கட்டி, திராட்சை, துருவிய பாலாடைக்கட்டி எல்லாம் வைத்தேன். தின்றுவிட்டுப் போகும். நான் கையை நீட்டினால் மட்டும் தள்ளுவண்டி மேல் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்க்கும். எனக்கு வயிறு எரியும். அறுபத்தாறு வயது பெண்மணிக்கு ஒரு கைப்பிடிப் பறவையால் வந்த வயிற்றெரிச்சல்.

அந்த ஜனவரியில் வெள்ளியும் சனியும் விடாமல் பனி கொட்டியது. எங்கள் சந்து இரண்டு பக்க வேலி உயரத்துக்கு நிரம்பிவிட்டது. பால் வரவில்லை. மழைநீர்ப் பீப்பாய் அடிவரை உறைந்து பக்கவாட்டில் பிளந்தது. ஒரு கேரட் பிடுங்கக் கடப்பாரை வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலியடியில் நான்கு சின்னக் குருவிகள் விறைத்துக் கிடந்தன. அந்தக் குளிரில் சின்னப் பறவைகள் ஒரு பகல் தின்னாவிட்டால் இரவு தாங்காது. இது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அன்றிரவு இன்னும் ஒரு விரற்கடைப் பனி விழுந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சமையலறை ஜன்னல் விளிம்பில் ராபின் வந்து நின்றது. பாலாடைக்கட்டியைத் துருவி உள்ளங்கையில் வைத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். வந்து உட்கார்ந்தது. விரலில் நகம் பதிந்ததே தவிர, கனமே தெரியவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சின்ன வயதில்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கிறேனா தெரியாது.

மத்தியானம் மறுபடி வந்தது. கையை நீட்டியபடியே வேலிக்கு அப்பால் பார்த்தேன். கிட்டின்ஸின் புகைபோக்கியில் புகை இல்லை. கஞ்சம், கரியை மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்தேன். அவர் கதவிலிருந்து தோட்டத்துக்குப் பனியில் ஒரு காலடி இல்லை. அதையும் பார்த்தேன். துரை கட்சி மாறிவிட்டதால் முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளேயே இருக்கிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

சாயந்திரம் பெரில் தொலைபேசியில் கூப்பிட்டாள். "ஏண்டி மேபல், கிட்டின்ஸ் எப்படி இருக்கார்? ரொட்டி எதாவது வேணுமான்னு கேட்டியா?"

"அவருக்கென்ன, நல்லாத்தான் இருப்பார். சின்னக் குழந்தையா?" என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலையிலும் ராபின் வந்து கையில் தின்றது. பதினொரு மணிக்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. ஜெயித்ததை அவரிடம் காட்டாவிட்டால் ஜெயித்து என்ன பயன்? கணவரின் பழைய ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டு, பாலாடைக்கட்டிக் கிண்ணத்தோடு வேலிவரை போனேன். ராபின் பின்னாலேயே வந்தது.

"மிஸ்டர் கிட்டின்ஸ்! இங்க வந்து பாருங்க! உங்க துரைக்கு இப்போ எங்க வீட்டுச் சாப்பாடுதான் பிடிக்குதாம்!"

பதில் இல்லை. இன்னும் இரண்டு தடவை கத்தினேன். அப்போதுதான் கவிழ்த்துவைத்த பூந்தொட்டி மேல் அவர் பறவைக்கு வைக்கும் இடம் கண்ணில் பட்டது. ஞாயிறு இரவு விழுந்த பனி அதன்மேல் அப்படியே இருந்தது. தான் தேநீர் குடிப்பதற்கு முன்னால் அந்த இடத்தைத் துடைத்துத் தட்டு வைக்கிற மனிதர் அவர். கிண்ணத்தைப் பனியில் போட்டேன். முள்ளில் பாவாடை கிழிய வேலியைத் தாண்டி, அவர் பின்கதவைத் தள்ளித் திறந்தேன்.

சமையலறைத் தரையில் மேசைக்கும் அணைந்துபோன அடுப்புக்கும் நடுவே கிடந்தார். தரைவிரிப்பையும் ஒரு கோட்டையும் இழுத்து மேலே போட்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. கதவருகே ஒரு தட்டு உடைந்து, ரொட்டித் துகள் சிதறியிருந்தது. ராபினுக்கு எடுத்துக்கொண்டு போகும்போதுதான் வழுக்கி விழுந்திருக்கிறார்.

"அது சாப்பிட்டுச்சா?" என்றார். குரல் எழும்பவில்லை.

"பேசாதீங்க" என்றேன்.

என் வீட்டுக்கு ஓடி பக்கத்துப் பண்ணைக்குத் தொலைபேசி செய்தேன். டிராக்டரில் வந்து, ஒரு கதவைக் கழற்றி அதில் படுக்கவைத்து, பெரிய சாலையில் நின்ற ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

பெரில் கேட்டாள்: "எப்படிடி உனக்குத் தோணுச்சு?"

"ராபின் வந்துச்சு."

"எப்போ?"

"செவ்வாக்கிழமை காலைல" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. மீதிக் கதையை அவளே தைத்துக்கொண்டாள். நான் ஒரு தையலையும் பிரிக்கவில்லை.

பனி உருகி, சந்தோரம் ஸ்னோடிராப் என்ற சின்ன வெள்ளைப் பூ பூத்திருந்த ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதற்குமேல் தள்ளிப்போட முடியவில்லை. ஊரே கேட்கிறது. கிட்டின்ஸ் பாதி உடம்பாக மெலிந்திருந்தார்.

"வாங்க மிசஸ் ஓக்லி. உங்களாலதான் நான் மூச்சு விடறேன்னு நர்ஸம்மா தினம் சொல்றாங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல." கொண்டுபோன கேக்கைப் பிரிப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒண்ணு கேக்கணும். ராபின் செவ்வாக்கிழமை காலைல வந்துச்சுன்னு பெரில் சொன்னாங்க. அதுக்கு முன்னால வரலையா?"

"இல்ல."

"அப்போ அது என்னுது இல்ல."

"என்ன இப்படிச் சொல்றீங்க? அதேதான்."

"நான் விழுந்தது திங்கக்கிழமை காலைல. தட்டு என் கையில இருந்துச்சு. அன்னிக்குப் பூரா அது பட்டினி. அந்தக் குளிர்ல வெறும் வயித்தோட ஒரு ராத்திரி தாங்காதுங்க. உங்ககிட்ட வந்தது வேற எதோ ஒண்ணு. என்னுது வேலியடியில எங்கயாவது விறைச்சுக் கெடந்திருக்கும். நீங்க வருத்தப்படாதீங்க."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போர்வைக்குள் தோள் குலுங்கியது.

அன்று காலையில்கூட அவருடைய ராபின் என் விரலில் உட்கார்ந்து தின்றிருந்தது. ஆமாம், வேறு பறவையாகத்தான் இருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேக்கை வைத்துவிட்டு நல்லவளாகவே பஸ் ஏறலாம். நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"திங்கக்கிழமையே வந்துச்சு" என்றேன்.

திரும்பினார். "என்னது?"

"திங்கக்கிழமை காலை ஒம்பது மணி. என் கையிலயே சாப்பிட்டுச்சு. மத்தியானமும் வந்துச்சு. உங்க புகைபோக்கில புகை இல்ல, பாத்தேன். பனியில காலடி இல்ல, அதையும் பாத்தேன். பெரில் உங்களப் பத்தி போன்ல கேட்டப்போ, நல்லா இருப்பார்னு சொன்னேன். அது உங்கள விட்டுட்டு எங்கிட்ட வந்துடுச்சுன்னு சந்தோசப்பட்டேன். செவ்வாக்கிழமை நான் வந்தது உங்களப் பாக்க இல்ல. அதைச் சொல்லிக் குத்திக்காட்ட வந்தேன்."

பக்கத்துப் படுக்கைக்காரர் ரேடியோவைக் குறைத்தார். எனக்குக் காது சுட்டது. அந்தத் தரை பிளந்து என்னை விழுங்கினாலும் சம்மதம் என்றிருந்தது. கிட்டின்ஸ் திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"மத்தியானமும் சாப்பிட்டுச்சா?" என்றார்.

"சாப்பிட்டுச்சு."

"என்ன குடுத்தீங்க?"

"பாலாடைக்கட்டி. துருவிக் குடுத்தேன்."

"நல்லாத் துருவித்தானே?"

"நல்லாத்தான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ உயிரோட இருக்கு" என்றார். மறுபடியும் அழுதார், இந்தத் தடவை என்னைப் பார்த்தபடி. அவர் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

பஸ் பெரில் கடை வாசலில் நின்றது. உள்ளே இரண்டு பெண்கள் தபால்தலை வாங்கிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பெரில், "இதோ, இவதான் நான் சொன்ன மேபல்! அன்னிக்கு செவ்வாக்கிழமை காலைல..." என்று ஆரம்பித்தாள்.

"திங்கக்கிழமை, பெரில்" என்றேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஹனிசக்கிள் கொடியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.